கிணற்றடியில் இன்னொருத்தி

கமருன்னிஸாவுக்குச் சொந்தமாக, நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிப் போடும் என்லார்ஜர் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்ற வைராக்கியம் வந்ததற்குக் காரணம் ஒரு கல்யாணப் பெண்ணின் படம்.

பெண்ணின் தாயார் மெஹராஜ் பேகம் குடவாசல் பள்ளிவாசல் தெருவில் கமருன்னிஸாவின் வீட்டுக்கு எதிர்வீடு. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும், ஸ்டூடியோவுக்குப் போய் அந்நிய ஆண் முன்னால் பெண்ணை உட்கார வைக்க முடியாது என்று அவள் வந்து நின்றபோது, கமருன்னிஸா தன் காமிராவை எடுத்துக்கொண்டு போனாள். புருஷன் அப்துல் அஜீஸ் குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த காமிரா அது. அவன் திரும்பிப் போன பிறகு அம்மா வீட்டிலேயே தம்பி தங்கையோடு தங்கிவிட்ட அவள் அதைக் கையில் எடுத்துப் பழகி, பிறகு தெருப் பெண்கள் எல்லாருக்கும் படம் எடுப்பவளாகிவிட்டாள். பிலிமைக் கழுவக்கூடப் பின்கட்டு அறையில் தானே கற்றுக்கொண்டாள். படமாக்குவதற்கு மட்டும் கடைத்தெரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட வேண்டியிருந்தது.

பெண்ணின் முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று ஸ்டூடியோக்காரன் அதைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவிட்டான். மாலை அஸர் தொழுகை முடிந்து வந்த ஆண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் மெஹராஜ் பேகம் வந்து கூடத்தில் உட்கார்ந்து, "உன்னை நம்பித்தானேம்மா முக்காட்டை எடுத்துட்டு நின்னா" என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கமருன்னிஸாவுக்கு.

புது மெஷின் வாங்க மெட்ராஸ் போக வேண்டும். பழையது எங்கேயாவது கிடைக்குமா என்று தம்பி கலந்தரிடம் விசாரிக்கச் சொன்னாள். மன்னார்குடியில் பஞ்சநதம் என்பவர் தன் ஸ்டூடியோவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டு, பழைய என்லார்ஜரை விற்கிறார் என்று அவன் சேதி கொண்டுவந்தான். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

பஞ்சநதம் கறாரான மனிதர், ஆனால் யோக்கியர். ஒரு பெண் வந்து மெஷின் கேட்கிறாளே என்று அவர் புருவத்தைத் தூக்கவில்லை. "சும்மா தொட்டுப் பாத்துட்டு வாங்காதீங்கம்மா. உங்க நெகட்டிவையே போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்க" என்று டார்க் ரூமைத் திறந்துவிட்டார்.

கமருன்னிஸா தங்கை சஃபியாவின் நெகட்டிவைக் கொண்டுவந்திருந்தாள். கொல்லைக் கிணற்றடியில், கைப்பிடிச் சுவரில் வளையல் போட்ட ஒரு கையை ஊன்றியபடி சஃபியா தனியாக நிற்கும் படம். மெஷினின் தண்டு லேசாக ஆடியது. வெளியே லாரி போனால் பலகையில் விழுந்த உருவமும் கூடவே நடுங்கியது. லென்ஸின் ஓரத்தில் பூசணம் பிடித்திருந்ததால் படத்தின் மூலைகள் மங்கலாக வந்தன. நடுவில் சஃபியாவின் முகம் பழுதில்லை.

"குறையெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுல்ல?" என்றார் பஞ்சநதம். "வடகட்டளைப் பண்ணை வீட்ல ஒரு ஜெர்மன் மெஷின் இருக்கு. சின்னவரு ஆசைக்கு வாங்கிப் போட்டது. வீட்டையே விக்கப் போறாங்களாம். அதையும் பாத்துட்டு வாங்க. இதே நெகட்டிவை அதுலயும் போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

"உங்க மெஷினை வெச்சுக்கிட்டு இன்னொரு வீட்டுக்கு வழி சொல்றீங்களே?"

"நாளைக்கு நீங்க என்னைத் திட்டக் கூடாது பாருங்க."

"அவ்வளவு நல்ல மெஷினுன்னா நீங்களே வாங்கியிருக்கலாமே?" என்றான் கலந்தர்.

பஞ்சநதம் ஈரப் படத்தைத் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டே, "கேட்டாங்க. நான் அந்த வீட்டுக்குப் போறதில்ல தம்பி" என்றார்.

வடகட்டளை பஸ் போகாத ஊர். ஆற்றுப் பாலத்தடியில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்த முதுகுகளாகப் பெண்கள் வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். பண்ணையின் மதில் முழுக்க உதயசூரியனும் இரட்டை இலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தன. ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அந்த வீட்டு நிலம். கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டுச் சிவப்புக்கொடி ஏறியதும், அடிதடியும், அதற்குப் பிறகு வந்த நில உச்சவரம்புச் சட்டமும் சேர்ந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தன. பண்ணைக் குடும்பம் மெட்ராஸுக்குப் போய்விட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ள அரசப்பன் என்பவனும் அவன் மனைவி அம்சமும் இருந்தார்கள்.

அரசப்பன் சாவிக்கொத்தோடு வந்து கதவைத் திறந்தான். கலந்தரை வாசலிலேயே பேச்சில் உட்கார வைத்துக்கொண்டான். அம்சம்தான் கமருன்னிஸாவை உள்ளே அழைத்துப் போனாள். முப்பது வயதுகூட இருக்காது. காலி வீட்டில் அவள் கால் சத்தமே கேட்கவில்லை.

"முன்ன நெல்லுக் கொட்டுற அறைங்க. சின்னவரு இதை மாத்தி எடுத்துக்கிட்டாரு" என்று தாழ்ப்பாளை நீக்கினாள்.

ஜன்னல்கள் சாக்குகளால் அடைத்து ஆணி அடிக்கப்பட்டிருந்தன. நெல் இருந்து எத்தனையோ காலம் ஆகியும், இப்போதுதான் நனைந்த நெல்லை அள்ளிக் கொட்டியது போன்ற புழுங்கிய வாசனை. மெஷின் நடுவில் ஒரு மேஜைமேல் துணி போர்த்தி நின்றது. துணியை எடுத்ததும் கமருன்னிஸா தண்டை விரலால் தடவிப் பார்த்தாள். தண்டில் கீறல் இல்லை. தலைப்பாகம் ஒரே விரலுக்கு ஏறி இறங்கியது, விட்ட இடத்தில் நின்றது. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணீர் போலச் சுத்தமாக இருந்தது. இந்த ஊர் ஈரத்துக்கு, இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த அறையில், ஒரு பொட்டுப் பூசணம்கூட இல்லை.

அம்சம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு இன்னொரு குடத்துக்குப் போனாள். கமருன்னிஸா கூடையிலிருந்த பாட்டில்களைத் திறந்து அங்கிருந்த தட்டுகளில் ஊற்றினாள். கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நெகட்டிவைச் செருகி, மெஷினின் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். சஃபியாவின் முக்காட்டு நூலிழைகூட ஊசி முனை போல விழுந்தது. இதுதான், இதைத்தான் வாங்க வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

பேப்பரை வைத்து வெளிச்சம் காட்டி, டெவலப்பரில் முக்கி, தட்டை மெல்ல ஆட்டினாள். கிணற்றுச் சுவர் வந்தது. சஃபியா வந்தாள். அவளுக்குப் பின்னால், கிணற்றுக்கு அந்தப் பக்கம், இன்னொன்றும் வந்தது.

முதலில் கறை என்றுதான் நினைத்தாள். கறை கறுத்துக்கொண்டே வந்து ஒரு முதுகாயிற்று. குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் நாற்றுமுடி. முகம் தெரியவில்லை.

அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்க இடமே கிடையாது. மதில்தான்.

படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டுவிட்டு, நெகட்டிவை எடுத்துக் கதவு இடுக்கின் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சஃபியா மட்டும்தான் இருந்தாள். நெகட்டிவ் இல்லாமல் விளக்கைப் போட்டாள். பலகையில் வெறும் வெள்ளை விழுந்தது. நெகட்டிவைச் செருகும் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பேப்பர் பழசாக இருக்கும், எங்கேயாவது வெளிச்சம் பட்டிருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பஞ்சநதத்திடம் போட்டதும் அதே கட்டுப் பேப்பர்தான் என்பது நினைவுக்கு வந்தது. பிஸ்மி சொல்லி இன்னொரு பேப்பரை வைத்தாள்.

இரண்டாவது படத்தில் அந்தப் பெண் நிமிர்ந்திருந்தாள். நடவின் நடுவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல முகத்தைத் திருப்பியிருந்தாள். இளவயசு. நெற்றியில் சேறு தெறித்திருந்தது. பார்வை நேராக, தட்டை ஆட்டிக்கொண்டிருந்த கமருன்னிஸாவின்மேல் இருந்தது.

கமருன்னிஸா படத்தை ஹைப்போவுக்கு மாற்றி முடித்தபோது கதவு திறந்தது. அம்சம் குடத்தோடு நின்றாள். அவள் பார்வை தட்டில் விழுந்தது. குடத்தைக் கீழே போட்டுவிடுவாளோ என்று கமருன்னிஸா கை நீட்டினாள். அம்சம் போடவில்லை. பதமாக இறக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டே வந்து குனிந்தாள்.

"அக்கா" என்றாள்.

கமருன்னிஸா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "யாரும்மா?"

"எங்க அக்காங்க. செவ்வந்தி." குரலில் பயமே இல்லை. "இப்படித்தான் இருக்கும். மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னே எனக்கு மறந்துபோச்சு. நெனச்சு நெனச்சுப் பாப்பேன், வராது."

"அவங்க... இப்ப எங்க?"

"கூலித் தகராறு வந்தப்ப களத்துல கூட்டம் போட்டாங்க. சின்னவரு மாடியில நின்னுக்கிட்டுப் படமா எடுத்துத் தள்ளுனாரு. அந்தக் கூட்டத்துலேர்ந்து ஒவ்வொரு மூஞ்சியா இந்த மெஷின்ல வெச்சுப் பெருசு பண்ணி, கொண்டாந்த அடியாளுங்ககிட்ட குடுத்தாரு. யாரு கொடி புடிச்சா, யாரு எதுத்துப் பேசுனான்னு. அக்கா கொடியெல்லாம் புடிக்கல. பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் ஒரே கூலி குடுங்கன்னு கேட்டுச்சு, அவ்வளவுதான்." அம்சம் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "நடவுல நின்ன ஆளை வந்து கூப்புட்டாங்க. படத்துல இருக்கறது நீதானான்னு சின்னவரு பாத்துச் சொல்லணுமாம். நாத்துமுடியக் கையில வெச்சுக்கிட்டே போச்சு. இந்த அறைக்குள்ள வந்ததைப் பாத்தவங்க இருக்காங்க. வெளிய வந்ததைப் பாத்தவங்க இல்ல."

"போலீசுக்குச் சொல்லலியா?"

"எவனோடயோ ஓடிப்போயிட்டான்னு எழுதிக்கிட்டாங்க. எங்கப்பா அதே ஏக்கத்துல போயிட்டாரு. நான் கல்யாணம் ஆனதும் இந்த வீட்டுக்கே கூட்டித் துடைக்க வந்துட்டேன். வேற எங்க போய்த் தேடறது? இங்கதானே வந்துச்சு."

வெளியே கலந்தர் எதற்கோ சிரிக்கும் சத்தம் வெகுதூரத்திலிருந்து வருவது போலக் கேட்டது. கமருன்னிஸாவுக்கு அந்த அறையிலிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் அம்சம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு போடுங்கம்மா. கொஞ்சம் கிட்டக்க தெரியற மாதிரி. எங்கிட்ட அதோட படம்னு ஒண்ணுமே கிடையாதுங்க."

அந்தக் கையை உதற அவளுக்கு மனம் வரவில்லை. மூன்றாவது பேப்பரை வைத்தாள். விளக்கைப் போட்டபோது பலகையில் சஃபியாதான் தெரிந்தாள், சந்தேகமே இல்லை. டெவலப்பரில் போட்டாள். இருவரும் தலையோடு தலை சேரக் குனிந்து பார்த்தார்கள்.

கிணற்றுச் சுவர் வந்தது. ராட்டினம் வந்தது. சுவரில் ஊன்றிய ஒரு கை வந்தது. அந்தக் கையில் வளையல் இல்லை. செவ்வந்தி இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தாள். சஃபியா நின்ற இடத்தில், சஃபியா நின்ற மாதிரியே சுவரில் கை ஊன்றி நின்றாள். சஃபியா படத்தில் எங்கும் இல்லை.

கமருன்னிஸா கைப்பழக்கத்தில் படத்தை ஹைப்போவுக்குத் தள்ளிவிட்டு, நெகட்டிவைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். பாட்டில், பேப்பர் எதையும் எடுக்கவில்லை. "சஃபியா, சஃபியா" என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. கலந்தர் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான். வாய்க்கால் கரையில் செருப்பு அறுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நெகட்டிவை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். சஃபியா இருந்தாள். இருந்தும் மனம் அடங்கவில்லை. குடவாசல் வரும் வரைக்கும் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சஃபியா முற்றத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கமருன்னிஸா போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன ராத்தா, என்ன ஆச்சு உனக்கு? இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கென்ன?" என்று சிரித்தவள் சற்று யோசித்தாள். "மத்தியானம் தண்ணி எடுக்கப் போனேன். கெணத்தடியில திடீர்னு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நேரம் எங்க நிக்கிறேன்னே தெரியல. ஒரே நனைஞ்ச நெல்லு வாசனை. நம்ம வீட்ல ஏது ராத்தா நெல்லு?"

மறுநாளே கமருன்னிஸா கலந்தரை மன்னார்குடிக்கு அனுப்பி, பஞ்சநதத்தின் ஆடும் மெஷினையே எடுத்து வரச் சொன்னாள். பஞ்சநதம் ஒன்றும் கேட்காமல் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பியதாகச் சொன்னான் கலந்தர். தண்டுக்கு அடியில் ஆப்பு வைத்து இறுக்கியதும் ஆட்டம் குறைந்தது. பின்கட்டு அறையில் வேலை ஆரம்பமாயிற்று. பாஸ்போர்ட்டுக்கு, ஹஜ்ஜுக்கு, குவைத்திலிருக்கும் புருஷனுக்கு அனுப்ப என்று பெண்கள் வந்தார்கள். மெஹராஜ் பேகமே தன் இரண்டாவது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு படமும் டெவலப்பரில் எழும்பும்போது கமருன்னிஸா முதலில் முகத்தைப் பார்க்கமாட்டாள். பின்னணியைத்தான் பார்ப்பாள். மங்கலான மூலைகளைத் தவிர அங்கே எதுவும் இருந்ததில்லை. சஃபியாவுக்கும் அதற்குப் பிறகு கண் இருட்டவில்லை. இருந்தாலும் கிணற்றடிக்குத் தனியாகப் போவதை அவள் தானாகவே நிறுத்திக்கொண்டாள்.

சம்பா அறுவடை முடிந்திருந்த ஒரு நாள் அம்சம் வந்தாள். மடியிலிருந்து ஒரு துணிப் பொதியை எடுத்துப் பிரித்தாள். அன்றைக்குத் தட்டில் விட்டுவிட்டு வந்த மூன்றாவது படம். சரியாக அலசாததால் ஓரங்களிலிருந்து பழுப்பேறிக்கொண்டு வந்தது. கிணறு பாதி மறைந்துவிட்டது. பழுப்பு செவ்வந்தியின் தோள்வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"நாளுக்கு நாள் போயிக்கிட்டே இருக்குங்கம்மா. ஏதாச்சும் செஞ்சு நிறுத்துங்க."

அதைக் கையால் தொடவே கமருன்னிஸாவுக்குக் கூசியது. ஆனால் ஒரு முகம் தன் கண்ணெதிரே அழிவதைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை. புது ஹைப்போ கலந்து படத்தை அதில் ஊற வைத்து, பலமுறை நீர் மாற்றி அலசினாள். பழுப்பு அதற்கு மேல் ஏறாமல் நின்றது. பிறகு அந்தப் படத்தைச் சுவரில் சார்த்தி வைத்துக் காமிராவால் எடுத்து, பிலிமைக் கழுவி, பஞ்சநதத்தின் மெஷினில் போட்டாள். அம்சமும் உள்ளே நின்றாள். மூலைகள் மங்கி, நடுவில் செவ்வந்தியின் முகம் வந்தது. அசையாமல், அப்படியே, ஒரு சாதாரணப் படமாக வந்தது. அம்சம் ஈரத்தோடு அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அந்த மெஷின் என்னாச்சு?" என்று கமருன்னிஸா கேட்டாள்.

"தஞ்சாவூர்லேர்ந்து ஒருத்தரு வந்தாருங்க. ஒரு நாள் பூரா அந்த அறையில இருந்து படமாப் போட்டுத் தள்ளுனாரு. நானும் பக்கத்துலயே நின்னு பாத்தேன். எல்லாம் கல்யாணப் படம். வேற ஒண்ணுமே வரல. தங்கமான மெஷினுன்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு." அம்சம் அவளையே பார்த்தாள். "உங்களுக்கு மட்டுந்தாம்மா வந்துச்சு."

ஏன் எனக்கு என்று கமருன்னிஸா கேட்க நினைத்தாள். கேட்டு என்ன பதில் வந்துவிடப் போகிறது?

அம்சம் கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி, "என்னையும் ஒரு படம் எடுத்துக் குடுக்குறீங்களாம்மா?" என்றாள். "நான் இருந்தேன்னு எங்க புள்ளைங்களுக்குத் தெரியட்டும்."

கிணற்றடி வேண்டாம் என்று கமருன்னிஸா அவளை மாடிக்கு அழைத்துப் போனாள். நல்ல வெயில். வெற்றுச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்தாள். அம்சம் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டு, ஒரு ஓரமாக நின்றாள்.

"நடுவுல வந்து நில்லும்மா."

அம்சம் ஒரு அடி வந்தாள். காமிராவுக்குள் பார்த்தால் மறுபடியும் ஓரத்துக்கே போயிருந்தாள். இரண்டு முறை சொல்லிவிட்டுக் கமருன்னிஸா அப்படியே எடுத்துவிட்டாள்.

படம் மறுவாரம் தயாராயிற்று. அம்சம் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி அவள் ஓரத்தில் நின்றாள். பக்கத்தில் சுவர் வெள்ளையாக, காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தாள்.

"எடம் விட்டுத்தான் நின்னேன்" என்றாள். "வரல."